பெரியம்மா கொல்லாத பட்டுப்புழுக்கள்

ஐன் அல்-தீனே
1956, மே 19

அன்பு மகன் நஸ்ரிக்கு, உன் அம்மா நஜிபே எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் ஸாவ் பாவ்லோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க புனிதர் மார் இலியாஸ் துணை நிற்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, காரணத்தைக் கீழே படி. வழக்கமாக வாத்தியார் ஷுக்ரிதான் என் கடிதங்களை எழுதுவார். அவரிடம் கொடுத்தால் என் திட்டையெல்லாம் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்துவிடுவார் என்பதால் இந்த முறை நானே எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

நீ அங்கே நம் ஊர்க்காரர் சங்கப் பத்திரிகையில் எழுதியது வந்து சேர்ந்தது. "மலையில் என் தாயின் பிள்ளைப் பருவம்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு வேறு. என்னடா எழுதி வைத்திருக்கிறாய்? பிள்ளைகள் பாடிக்கொண்டே மல்பெரி இலை பறித்தார்களாம். யாரடா பாடினது? காம்பு கிழித்து விரலெல்லாம் வெடித்திருக்கும், அதில் உப்புப் பட்டால் உயிர் போகும், இதில் பாட்டு ஒன்றுதான் குறைச்சல். பட்டுப்புழு வளர்த்த இரண்டு மாதமும் எங்கள் வீடு எங்களுக்கு இல்லை. வீட்டைப் புழுவுக்கு விட்டுவிட்டு நாங்கள் முற்றத்தில் கொப்புகளை நட்டுக் குடில் போட்டு அதற்குள் படுத்தோம். புழு குளிரில் நடுங்கக் கூடாது, நாங்கள் நடுங்கலாம். பூண்டு வதக்கக் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது, புழு கோபித்துக்கொள்ளும். புழு முட்டை பொரிவதற்காக என் அம்மா முட்டை கட்டிய துணிப் பையைப் பத்து நாள் மார்புக்குள் வைத்துக்கொண்டு நடந்ததைத் தாய்மையின் அழகு என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு அதனால் நெஞ்செல்லாம் அரிப்பு, குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது, வாயைத் திறந்தால் வசவு. அழகாம் அழகு.

சரி, அதெல்லாம் போகட்டும், தூர தேசத்தில் இருப்பவனுக்குச் சொந்த ஊர் சொர்க்கமாகத்தான் தெரியும் என்று விட்டுவிடுவேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் உன் ஹன்னே பெரியம்மாவைப் பற்றி எழுதினாயே, அதை எழுதும்போது உனக்குக் கூசவில்லையா? தீட்டு நாளில் புழு அறைக்குள் காலை வைத்து வீட்டுப் புழுவையெல்லாம் ஒரே மூச்சில் கொன்றாளாம், அன்றிலிருந்து இன்றுவரை புழுவும் அவளை அண்டவில்லை, மாப்பிள்ளையும் அண்டவில்லையாம். சிரிப்பு வருகிறதா உனக்கு? தபால் வந்த அன்று ஜிர்ஜிஸ் கடை வாசலில் பத்து ஆண்களை வைத்துக்கொண்டு வாத்தியார் இதை உரக்கப் படித்திருக்கிறார். அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் வாங்கப் போன உன் பெரியம்மா டப்பாவோடு அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அறுபத்தொரு வயது அவளுக்கு. வீட்டுக்கு வந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "நான் செத்தாலாவது இந்தப் பேச்சை விடுவாங்கன்னு நெனச்சேன், இப்ப அச்சுலயே ஏத்திட்டாங்க"ன்னு சொன்னாள். அதற்குமேல் இரண்டு நாள் ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

இந்தக் கேடுகெட்ட கதையை உனக்கு எவள் சொன்னாள் என்று கேட்டுக் கிழிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, சொன்னவள் நானேதான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைச் சிரிக்க வைக்கச் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

எனக்கு அப்போது எட்டு வயது, ஹன்னேக்குப் பதினைந்து. புழுக்கள் நாலாவது தரம் தோலுரிக்கிற தூக்கம் விழித்து வெறி பிடித்தாற்போல் தின்கிற வாரம். அன்று காலை நல்ல தூறல். நனைந்த இலையை விரித்து உலர்த்தி, ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் போட வேண்டும், ஈர இலை புழுவுக்கு விஷம். அது என் வேலை. கீழ்த்தெருவில் குரங்காட்டி வந்திருக்கிறான் என்று பிள்ளைகள் ஓடினார்கள். நான் இரண்டு கூடை இலையையும் துடைக்காமல் அப்படியே தட்டுகளில் கொட்டிவிட்டுக் குரங்கு பார்க்க ஓடினேன். மூன்றாம் நாள் புழுவெல்லாம் கறுத்துத் தொங்கி நாறியது. வருஷம் முழுக்க எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான். அத்தை ஸஹியே முற்றத்தில் நின்று, "எவடீ உள்ள போனது?"ன்னு கத்தினாள். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கத் தான் ஒரு தரம் எட்டிப் பார்த்ததாக ஹன்னே சொன்னாள். அவள் அப்போது ஒதுங்கி இருக்க வேண்டிய நாள். போதாதா? அத்தை தலையில் அடித்துக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டாள். அப்பாவின் இடுப்புவார் ஹன்னே முதுகில் விழுந்தபோது நான் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் புழு வளர்க்கிற எந்த வீடும் அவளைப் பெண் கேட்கவில்லை. எங்கள் ஊரில் புழு வளர்க்காத வீடு எதடா இருந்தது? நான் கல்யாணம் செய்துகொண்டேன், உன்னைப் பெற்றேன். அவள் என் வீட்டுக்கே வந்து உன் பீத்துணியைத் துவைத்தாள்.

முந்தாநாள் காலை அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்டி, இலை எல்லாம் சொட்டச் சொட்ட கெடந்துச்சே"ன்னு சொன்னாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்கு எட்டு வயசு, அப்பா அடிச்சா செத்துப்போயிருப்ப. பெரியவளானதும் நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். நாப்பத்தாறு வருஷம் பார்த்தேன்"ன்னாள்.

அதனால் உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் நீ படித்தவன், வளர்த்தவளை ஊர் சிரிக்க அச்சில் ஏற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். அடுத்த இதழிலேயே உண்மையை எழுது. ஓரத்தில் இரண்டு வரி பிழைதிருத்தம் போட்டு ஒப்பேற்றாதே. உன்னை எழுதச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன், "எழுதச் சொல்லு, அன்னைக்கு எழுதின அளவுக்கே எழுதச் சொல்லு"ன்னாள். "என் தாய்" என்று மூடி மறைக்காமல் என் பெயரைப் போடு. பத்திரிகையை எனக்கு அனுப்பாதே, அவள் பெயருக்கே அனுப்பு. வாத்தியார் அதே கடை வாசலில், அதே ஆட்கள் முன்னால் படிக்க வேண்டும். நானும் போய் நிற்பேன்.

உன் மார்ச்சளி எப்படி இருக்கிறது, பனியன் போடாமல் வெளியே போகாதே. பேத்தி அமாலுக்குப் பல் விழுந்ததாக மருமகள் எழுதியிருந்தாள், அவளுக்கு என் முத்தம். கன்னி மரியாள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், உன் கைக்கு வேலையும் வீட்டுக்கு வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும். எழுதத் தாமதம் செய்யாதே மகனே. முந்தாநாளிலிருந்து பெரியம்மா நான் போடும் காப்பியைக் குடிப்பதில்லை, தனக்கு மட்டும் தானே ஒரு கோப்பை போட்டுக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
மன்ஸூரின் இளைய மகள்,
உன் அம்மா நஜிபே