தொப்பூர் இறக்கமும் நான் மறைத்த ஒரு சொல்லும்

என்னங்க,

எந்த ஊரில் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறீர்களோ, அங்கே நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் உங்கள் லாரி கவிழ்ந்து நீங்கள் போனதிலிருந்து, யார் கேட்டாலும் "பிரேக் புடிக்கலீங்க, விதி" என்றே சொல்லி வந்தேன். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் போட்டு இறக்குவீர்கள் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

"இறக்கத்துல வண்டி தானா ஓடும், எஞ்சினுக்கு எதுக்குடி வேலை?" என்று களியைப் பிசைந்துகொண்டே என்னிடம் பெருமை பேசினீர்களே, மறந்துவிட்டதா? டீசல் மிச்சமாம். செத்தவரைக் குறை பேசுவார்களே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

நம் பையன் மாதுவும் அதே ரோட்டில்தான் லாரி ஓட்டுகிறான். அவன் மகள் நந்தினி பதினொன்றாவது. இயற்பியலில் அவள்தான் வகுப்பில் முதல். அஞ்சாவதோடு நின்றவள் நான்; அவள் சத்தம் போட்டுப் படித்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். போன வாரம் மொச்சை உரித்தபடி கேட்டேன்.

"விசைன்னா என்னடி பாப்பா?"

"தள்றது, இல்லன்னா இழுக்கறது ஆயா. எடை கூட விசைதான். பூமி கீழ இழுக்குதில்ல?"

"அப்ப லோடு வண்டி எறக்கத்துல வந்தா?"

"அந்த எடையில ஒரு பங்கு சரிவோட கீழ இழுக்கும். கியர்ல வந்தா எஞ்சின் எதிர்த்துப் புடிக்கும்."

"நியூட்ரல்ல?"

"பிரேக் ஒண்ணேதான் புடிக்கணும். தேய்ஞ்சு தேய்ஞ்சு சூடேறி, கடைசியில புடிப்பு வுட்டுரும். அப்பா அப்படித்தான் எறக்கறாரு ஆயா. தாத்தாகூடப் போய்க் கத்துக்கிட்டதாம்."

உரித்த மொச்சையை ஒதுக்கி வைத்தேன். உங்கள் பேரைக் காப்பாற்றினேனா, பிள்ளையைக் கொண்டுபோய் அதே இறக்கத்தில் விட்டேனா?

மாது வீடு வந்து சோற்றில் கை வைத்ததும் சொல்லிவிட்டேன். "உங்கப்பா அன்னிக்கும் நியூட்ரல்லதான்டா வந்திருப்பாரு. எப்பவும் அப்படித்தான். எனக்குத் தெரியும்."

"இத்தன வருசம் கழிச்சு செத்தவரு மேல பழி போடறியாம்மா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. நந்தினிதான் நோட்டில் ஒரு சரிவு வரைந்து, லாரி வரைந்து, கீழே இழுக்கிற விசைக்குப் பெரிய அம்பும், எதிர்த்துப் பிடிக்கிற விசைக்கு மேல்நோக்கிச் சின்ன அம்பும் போட்டு அவன் முன்னால் வைத்தாள். வெகுநேரம் பார்த்தான்.

"கியர்ல வந்தா இந்தச் சின்ன அம்பு வளருமா?"

"வளரும்பா."

"உங்க ஆயா வளர வுடலியே" என்றான். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். கேட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் மறைத்தவள் நான், நியாயம்தானே?

இன்று தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு போனான். தொப்பூர் தாண்டிப் போன் செய்தான். "செகண்ட் கியர்லயே எறங்கிட்டேம்மா. பின்னால வந்தவனுங்க ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டானுங்க."

"கிழிக்கட்டும்டா" என்றேன்.

இனி விதி என்று சொல்ல மாட்டேன். அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் யார் வந்தாலும், நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுவேன். உங்களுக்குக் கெட்ட பேர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் சுமந்தது போதும்.

உங்கள் வீட்டுக்காரி,
மாதுவின் அம்மா