லீவு கிடைத்துவிட்டது

அன்பு மகளே,

பேரன் பிறந்த செய்தியைப் பார்த்ததும் ஆபீஸ் என்றும் பாராமல் எழுந்து நின்றுவிட்டேன். பார்த்துச் சிரிக்க ஆளில்லை. ஆட்குறைப்பில் பக்கத்து நாற்காலிகளெல்லாம் காலி. சம்பளம் போடும் பழைய புரோகிராம் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால் என்னை விட்டுவைத்திருக்கிறார்கள்.

லீவு கேட்டேன். மேனேஜர் சிரித்தார். "தாராளமா போயிட்டு வாங்க சார். அதுக்கு முன்னாடி இந்தப் புதுப் பொண்ணுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடுங்க, போதும்."

காலையிலிருந்து அந்தப் பெண் பேனாவும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

"கண்ணாடியை வீட்டிலேயே விட்டுட்டேன்மா," என்றேன்.

என் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

உன் அம்மா என் சட்டைகளையும் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். அம்மா தனியாகத்தான் வருவாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பேரனைப் போட்டோவில் பார்க்கப்போகும்
உன் அப்பா