பிடியரிசிப் பானை

ஆடிக் கடைசி, ஞாயிறு.

இன்று ஆராதனையில் ஞானம்மாள் அக்காளுக்காக நன்றி ஜெபம் ஏறெடுத்தது நான்தான். சபைச் செயலாளன் ஆயிற்றே. கல்யாணம் கட்டாமல் நாற்பது வருஷம் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்தவர், பெண்கள் உலை வைக்கும்போது சபைக்கென்று எடுத்துவைக்கும் பிடியரிசியைப் பானையில் சுமந்தவர் என்றெல்லாம் உருகினேன். அக்காள் கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்று போராடிவிட்டு ஒளிந்திருக்கும் பையன்களுக்கு யார் சோறு கொடுப்பது என்று போன வாரம் போலீஸ் என் வீட்டுக்கு வந்து கேட்டது. என் மகனும் அவர்களில் ஒருவன். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லாமல் அவர்கள் நகரமாட்டார்கள். புருஷன் பிள்ளை இல்லாத அக்காளுக்குக் கேட்க ஆளில்லை. அதனால் அவர் பெயரைச் சொன்னேன். சோறு கொடுப்பது யாரென்று எனக்கே தெரியாது.

ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பேடிக்காதே மக்கா. உனக்க மோன் தோப்புல சுகமாட்டு இருக்கான். நான்தான் பானையில சோறு கொண்டு போறேன். எவ்வளவு அடிச்சும் அவன் பேரு என் வாயில வரல்ல. இனியும் போவேன், இடது கை உண்டு."

இனி நான் போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாத்துப் போங்க அக்கா" என்றேன்.