மூங்கில் கழியில் ஓர் அறிவியல் பாடம்

சிங்கப்பூர்
14.7.1976

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

மாதா துணையால் நான் நலம். நீயும் அம்மாவும் சுகந்தானே? நம் பாப்பாவுக்குச் சளி விட்டதா?

எங்கள் தமிழ்ப் பள்ளியில் அறிவியலை மட்டும் ஆங்கிலத்தில் நடத்துகிறோம். அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. நேற்று பார்த்து, வகுப்பைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். எதிர் அடுக்குமாடியில் பன்னிரண்டு மாடியிலும் மூங்கில் கழிகளில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

ரத்தினம்மா எழுந்தாள். அவள் அம்மா ஃபேக்டரிக்குப் போவதால் வீட்டில் துணி காயப்போடுவது அவள்தான்.

"சன் ஹாட், சார். வாட்டர் கோ இன்சைட் ஏர். விண்ட் வந்தா இன்னும் சீக்கிரம் போயிரும் லா."

காற்றைப் பற்றி நான் இன்னும் சொல்லித்தரவே இல்லை, பிரிஜட். பத்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில், இரண்டு மொழியில், பேச்சு முடிவில் இந்த ஊர்க்காரர்கள் போடும் 'லா'வோடு பாடத்தையே முடித்துவிட்டாள். பிரமித்து நின்றேன். பிறகு பழக்கதோஷத்தில் அவள் ஆங்கிலத்தைத் திருத்த வாயெடுத்தேன்.

"விடுங்க சார், அவ சொல்லட்டும்" என்றார் அதிகாரி.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஊறுகாய் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். பாப்பா பேசத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அவள் சொல்வதைத் திருத்தாமல், அப்படியே எழுதி அனுப்பு.

உன்
சிலுவைராஜ்