பத்திரச் செலவு

மகள் சாய்லக்ஷ்மிக்கு,

நான்கு வருடம் பேசாமல் இருந்தது போதும். எனக்குச் சொல்லாமல் நீ தாலி கட்டிக்கொண்டதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் வீட்டுக்காரர் பெயர் இன்னும் என் வாயில் வராது.

கே.ஜி.கண்டிகையில் நீங்கள் வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்திருப்பதைத் தரகர் தணிகைவேல் டீக்கடையில் சொன்னார்.

"வூட்டு வெலைய மட்டும் சேத்து வெச்சிகினு நிக்கிறாங்க சார். பத்திரச் செலவ நெனைக்கவே இல்ல. தேதி தாண்டினா அட்வான்ஸ் போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

விலையோடு முடிவதில்லை, அம்மா. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தே நூற்றுக்கு ஒன்பது ரூபாய் ஆகும். பத்திரம் எழுதுகிறவர், பத்திரம் சரிபார்க்கிற வக்கீல், வில்லங்கச் சான்று எல்லாம் அதற்கு மேல். இவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடு.

விற்கிறவரிடம் நானே போய்க் கேட்டேன். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன் நான். இரண்டு மாதம் பொறுக்கிறேன் என்றார். அதை ஒப்பந்தத்தின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்.

வீட்டின் தாய்ப் பத்திரம் 1960-க்கு முன், இந்தப் பக்கமெல்லாம் ஆந்திராவில் இருந்த காலத்தது, தெலுங்கில் இருக்கிறது. வக்கீல் தமிழில் கேட்பார். அதற்கு வெளியில் காசு கொடுக்காதே. நகலை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பு, நான் எழுதித் தருகிறேன்.

இதைக் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப்போகிறேன். ஏழாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டில் என் கையெழுத்தை அப்படியே போட்டவள் நீ. மனமிருந்தால் இங்கேயும் நீயே போட்டுக்கொள்.