லீவ்: பதினான்கு அட்டைகள்

மார்ச் 3

என் அருமை மருமகளுக்கு,

ஆங்கிலம்-தமிழ் அகராதியில் 'எல்' எழுத்தை வென்று முடித்த பேரரசர் எழுதுவது. 'லீவ்' என்ற ஒரே ஒரு சொல்லை மூன்று வாரம் துரத்தி மடக்கி, பதினான்கு அர்த்தங்களைக் கக்க வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரனே பார்த்தால், "இது எங்க வீட்டுச் சொல்லா?" என்று மயங்கி விழுவான். விடுப்பு எடுப்பது, புறப்படுவது, மிச்சம் வைப்பது, மறந்து வைத்துவிட்டு வருவது, பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது... அர்த்தத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஓர் உதாரண வாக்கியம். பதிப்பகத்தில் சரிபார்க்கப்போவது நீ என்பதால் எச்சரிக்கிறேன்: ஒரு கமாவைத் தொட்டாலும் போர் மூளும்.

ஐந்து மாதமாக உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அத்தை சௌக்கியமா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
மாமா
'எல்' எழுத்தின் தனிப்பெரும் அதிபதி

மார்ச் 9

அன்புள்ள மாமா,

அர்த்தங்கள் கச்சிதம். உதாரணங்கள்தான் இடிக்கின்றன. பதினான்கில் பதினொன்று ஒரே பெண்மணியைப் பற்றி! "அவள் கண்ணாடியை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனாள்." "அவள் எனக்கு மிச்சம் வைத்தது அரைப் பொட்டலம் டீத்தூள்." இது அகராதியா, புகார் மனுவா?

உயிரோடு இருப்பவரைப் பற்றிய வாக்கியம் என்றால் அவரைக் கேட்டுத்தான் போடுவோம். அட்டைகளை அத்தையிடம் கொடுத்தேன். என் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"அரைப் பொட்டலமா? முழுசு. பிரிக்காதது."

"கதவைத் திறந்துபோட்டுட்டுப் போனேனாம்! சாத்திட்டுத்தான் வந்தேன். அப்புறம் திறந்து எட்டிப் பார்த்தது உங்க மாமா. தெருமுனையிலிருந்து பார்த்தேனே."

கடைசி அட்டையையும் திருத்திவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி. 'போகாதே'ன்னு ஒரு ஆள் சொல்ற மாதிரி ஒண்ணுகூட இல்லையே?"

நான் என்ன பதில் சொல்லட்டும்?

உங்கள் மருமகள்

மார்ச் 13

மருமகளே,

அந்த அட்டையை எழுத உட்கார்ந்தேன். நாற்பது தடவை கிழித்தேன். இது மிகையில்லை, குப்பைக்கூடை சாட்சி. எழுத வரவில்லை. அன்றைக்கு வாயிலும் வரவில்லை. அவள் பெட்டியைத் தூக்கும்போது, ஏதோ சாவியைத் தேடுவதுபோல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் திருத்தியபடியே எல்லாவற்றையும் அச்சுக்கு அனுப்பு. எதிர்ப்பேதும் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். எழுத்தில்தானே வரவில்லை, நேரில் சொல்லிப் பார்க்கிறேன். அவளிடம் இதைச் சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு.

மாமா

மார்ச் 16

அன்புள்ள மாமா,

சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று காதைப் பொத்தத் தயாராக நின்றேன். "எத்தனை மணி பஸ்?" என்று மட்டும் கேட்டார்.

அதை நீங்கள் எழுதவே இல்லை. உடனே எழுதுங்கள்.

மருமகள்