எட்டில் இரண்டு எங்கே போயிற்று

அன்புள்ள அப்பாவுக்கு,

இல்லை அப்பா, பரசுராமன் மாமா நம்மை ஏமாற்றவில்லை. அவர் கடையில் வாங்கிய லேப்டாப்பில் எட்டு ஜிபி நினைவகம் முழுதாக இருக்கிறது. இதில் படம் காட்டும் பாகத்துக்குத் தனி நினைவகம் கிடையாது. பொதுவில் இருந்துதான் இரண்டை எடுத்துக்கொள்கிறது. மீதி ஆறு என்று காட்டுகிறது. நம் கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டதற்கு, வீடு கட்டிய மேஸ்திரியையா திட்டுகிறோம்?

போனில் சொன்னால், "கூட குந்திகினு டீ குடிச்சவனே ஏமாத்திட்டான் பாரு" என்று பாதியிலேயே ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது?

நடந்தது சின்ன விஷயம்தான். வகுப்பில், நான் வரைந்த புடவையைத் திரையில் ஒரு பொம்மைக்குக் கட்டிச் சுழற்றிக் காட்டினேன். படம் பெரிது, நினைவகம் போதவில்லை. பாதி கட்டிய புடவையோடு பொம்மை அப்படியே நின்றுவிட்டது. ஆரணியில் இப்படித்தான் கட்டுவீர்களா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தைச் சிறிதாக்கியதும் சுழன்றது. அப்போதுதான் ஆறு என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு உங்களிடம் போனில் சொன்னேன்.

அம்மாவைப் புளிக்காய்ச்சல் அனுப்பச் சொல்லுங்கள். டப்பாவைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றுங்கள், பழையதானாலும் பரவாயில்லை; இந்த ஊரில் தமிழில் படிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. நாலைந்து தாள் கூடவே சுற்றுங்கள்.

மாமா கடைக்குப் போய் உட்காருங்கள் அப்பா. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அன்புடன்,
வினோதினி

பி.கு.: தபால் வரும்வரை நீங்கள் முறைத்துக்கொண்டிருப்பீர்களே என்று மாமாவுக்கே போன் செய்தேன். "உங்கப்பன் வராம ஒரே பேஜாரா கீதும்மா, எம்மேல என்னா கோவம்?" என்றார். சொன்னேன். இன்று சாயங்காலமே அவரை நம் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன்.